கேட்க வைக்காமல் கொடுப்பது

"கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. சென்னையில் இரண்டு அறை ஃப்ளாட். இருவரும் வேலைக்குப் போகிறோம். அம்மா வீட்டில் யார் எந்நேரம் வந்தாலும் சோறு இருக்கும். எங்களால் அப்படி முடியவில்லை. யாராவது வருகிறேன் என்றாலே பதற்றமாகிவிடுகிறது. எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. பெரிய விருந்தெல்லாம் இல்லாமல், அன்றாடம் சின்னச் சின்னதாக மற்றவர்களை உபசரிக்கவும் அன்பாக நடந்துகொள்ளவும் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதற்றம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. உபசாரம் என்றால் சமையல், சமையல் என்றால் குறைந்தது ஆறு பதார்த்தம் என்று நம் தலையில் யாரோ ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். முப்பது வருடம் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே குடும்பம் நடத்தியவள் நான். வந்தவர்களுக்குச் சாம்பார் வைக்க நேரமில்லாத நாட்கள்தான் அதிகம். அதனால் யாரும் என் வீட்டிலிருந்து வாடிய முகத்தோடு போனதாக எனக்கு நினைவில்லை. அதற்குக் காரணம் என் அப்பாயியிடம், அப்பாவைப் பெற்றவரிடம், நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு பழக்கம்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாசலில் ஒருவர் வந்து நின்றால் அவர் காலைப் பார்ப்பார், உதட்டைப் பார்ப்பார், கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். கால் புழுதியாக இருந்தால் ஒரு செம்புத் தண்ணீர் வாசல்படியில் இருக்கும். உதடு காய்ந்திருந்தால் சொம்பு கைக்கு வந்துவிடும். இடுப்பில் குழந்தை இருந்தால், "இப்புடிக் குடு" என்று வாங்கிக்கொள்வார். வந்தவர் வாய் திறந்து "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று சொல்லும்படி ஒருநாளும் வைத்ததில்லை. "தாகத்தைவிடக் கேக்குறது கஷ்டம்டி" என்பார். கேட்க வைக்காமல் கொடுப்பது. நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

நம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகப் பல ஊர்களில் வைத்தது அது. தலைச்சுமையோடு நடந்து வருகிறவருக்குச் சுமையை இறக்க இன்னொரு கை வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் இன்னொரு கை வேண்டும். ஆளில்லாத பாதையில் யாரைக் கூப்பிடுவது? கல் ஏறக்குறைய தலை உயரத்துக்கு இருப்பதால், அப்படியே சாய்த்து வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். யாரையும் "கை கொடுங்க" என்று கேட்க வேண்டாம். திண்ணையும் அப்படித்தான். கதவுக்கு வெளியே கட்டியதே, கதவைத் தட்டாமல் ஒருவர் உட்காரட்டும் என்பதற்காக. ஃப்ளாட்டில் திண்ணை கட்ட முடியாது. ஆனால் திண்ணை செய்த வேலையைச் செய்யலாம்.

முதல் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வந்தவர் மனசில் நிற்பது அதுதான். மணி அடித்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்து, பேரைச் சொல்லியோ முறையைச் சொல்லியோ "வாங்க" என்று கூப்பிடுங்கள். "வாங்க சித்தி", "வாங்கண்ணே", "வாங்க சார்". வெறும் "ம், வாங்க" வேறு, பேரோடு சேர்ந்த "வாங்க" வேறு. கொங்கு நாட்டுக்காரர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு "ங்க" சேர்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் "வாங்கோ, இருங்கோ" என்பார்கள். அந்த ஒலியிலேயே பாதி உபசாரம் முடிந்துவிடும். முகம் திரிந்து பார்த்தாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று வள்ளுவர் அனிச்சப் பூவை வைத்துச் சொன்னார். இன்று நம் முகம் திரிவது பெரும்பாலும் போனுக்குள்தான். வந்தவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற வரையாவது போனைக் கவிழ்த்து வையுங்கள். டி.வி.யின் சத்தத்தைக் குறையுங்கள். அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீர். "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள், கொண்டுவந்து வையுங்கள். பாதிப் பேர் கூச்சத்தில் "வேணாம்" என்பார்கள், வைத்துவிட்டால் குடித்துவிடுவார்கள். வெயிலில் வந்தவருக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீரை நேராக நீட்ட வேண்டாம். சாதாரணத் தண்ணீரை வைத்துவிட்டு, பக்கத்தில் குளிர்ந்ததையும் வையுங்கள், அவரே கலந்துகொள்வார். நோன்பு மாதத்தில் இஸ்லாமிய நண்பர் பகலில் வந்தால் தம்ளரை நீட்டி அவரைச் சங்கடப்படுத்தாமல், நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வையுங்கள்.

தண்ணீருக்கு முன்னாலேயே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். தூரத்திலிருந்து பஸ்ஸிலோ பைக்கிலோ வருகிற ஒருவருக்கு, அதுவும் பெண்ணுக்கு, முதல் தேவை காபி கிடையாது, கழிப்பறை. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களின் நிலை தெரிந்த பெண்கள், வழியில் போக வேண்டியிருக்குமே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். வந்து உட்கார்ந்து, காபி குடித்து, அரை மணி நேரம் பேசி, அப்புறம் மெதுவாக "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பதற்குள் அவர்கள் படுகிற பாடு! வந்ததுமே, "கை கால் கழுவணும்னா இந்தப் பக்கம், லைட் சுவிட்ச் வெளியில இருக்கு" என்று போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, உலர்ந்த துண்டு தொங்குகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். உள்ளே அலமாரியில் கண்ணில் படுகிற இடத்தில் நாப்கின் பாக்கெட் ஒன்று இருக்கட்டும். ஆறு வகைக் கூட்டு செய்கிற நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ஆனால் அவதிப்பட்டு வந்தவளுக்கு அந்த ஆறு கூட்டைவிட இது பெரிது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். "சாப்பிடுறீங்களா?" என்பதற்கும் "வாங்க, சாப்பிடலாம்" என்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். முதலாவதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், "இல்ல, இப்பதான் சாப்பிட்டேன்". பசியோடு இருப்பவரும் அதைத்தான் சொல்வார். இரண்டாவதில் அவர் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, எழுந்து வந்தால் போதும்.

இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் எதை எதிர்பார்த்து எதைத் தயாராக வைப்பது? என் வீட்டில் எப்போதும் இருப்பவை வறுத்த ரவை, உறைந்த தயிர், எலுமிச்சை, ஒரு டப்பா முறுக்கோ கடலை மிட்டாயோ. இவ்வளவுதான். ஒரு தம்ளர் ரவைக்கு இரண்டரைத் தம்ளர் தண்ணீர் விட்டுக் கிளறினால் கால் மணி நேரத்தில் உப்புமா. சாதம் மிச்சம் இருந்தால் தயிர்ச் சாதத்துக்குக் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக்கொட்டி, ஊறுகாயும் சுட்ட அப்பளமும் வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கோடையில் காபி, டீயைவிட நீர்மோர் உயர்ந்தது. ஒரு பங்கு தயிருக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் ஊற்றிக் கடைந்து, உப்பும் பெருங்காயமும் போட்டு, இஞ்சி தட்டி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுங்கள். காலையில் ஒரு ஜாடி கலந்து வைத்துவிட்டால் அன்றைக்கு யார் வந்தாலும் கவலையில்லை. கடையில் வாங்கி வைத்தாலும் தப்பில்லை. "வீட்டில் செய்யலையே" என்று வந்தவரிடம் நான்கு முறை மன்னிப்புக் கேட்காமல் இருந்தால் சரி. அந்த மன்னிப்பு, நாம் வந்தது இவர்களுக்குச் சிரமமோ என்று அவரை நினைக்க வைத்துவிடும்.

காபியில் சர்க்கரை விஷயம் சின்னதுதான், ஆனால் பலர் தவறுகிறார்கள். பத்துப் பேர் நடுவில், "உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்பது உங்கள் பார்வையில் அக்கறை. கேட்கப்பட்டவருக்கு அது கூட்டத்தில் நோயைச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம். சர்க்கரை போடாமல் கலந்து, கிண்ணத்தில் சர்க்கரையும் ஸ்பூனும் தனியாக வைத்துவிடுங்கள். அவரவர் போட்டுக்கொள்வார்கள், போடாமலும் விடுவார்கள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

வந்தவர் என்ன சாப்பிடுவார், என்ன சாப்பிட மாட்டார் என்பதில் இந்த மென்மை நமக்குப் புதிதில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தங்கள் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எல்லாச் சாதியாருக்கும், எல்லா வகை யாத்திரிகர்களுக்கும் சத்திரத்தில் சோறு போடப்படும். சமைத்த சோற்றை உண்ணாத வழக்கமுள்ளவர்களுக்கு அரிசியாகவே, மிளகு முதலான சாமான்களோடு கொடுத்துவிடுவார்கள், அவர்களே சமைத்துக்கொள்ளலாம். ஏன் எங்கள் சோற்றைத் தொட மாட்டாய் என்ற கேள்வியே இல்லை. இப்படி நள்ளிரவு வரை நடக்கும். பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று அறிவித்து, அவர்களுக்கும் போட்டுவிட்டுத்தான் முடிப்பார்கள். எங்கள் ஒரத்தநாட்டிலேயே சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் இருக்கிறது. சிறுவயதில் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அதன் அருமை தெரியாது. பின்னாளில் அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது அந்த நள்ளிரவு மணியை நினைத்து அழுதுவிட்டேன். பசியோடு ஓரமாகச் சுருண்டு கிடக்கிறவன் எழுந்துவந்து கேட்க மாட்டான் என்று தெரிந்தவர்கள்தான் அப்படி ஒரு மணியை வைத்திருக்க முடியும்.

குறுந்தொகையில் நன்னாகையார் பாட்டு ஒன்றிலும் இதே வழக்கம் வருகிறது. மாலையில் பலரும் வந்துபோகிற வாயிலை அடைக்கும் முன், "உள்ளே வர வேண்டியவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுப்பார்களாம். பாட்டு காதலனைப் பற்றியது, அவன் வரவில்லை என்ற துயரம். ஆனால் போகிற போக்கில் ஒரு வீட்டின் அன்றாடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது. கதவை மூடுவதற்கு முன் ஒரு தடவை வெளியே பார்ப்பது அன்று வழக்கமாகவே இருந்திருக்கிறது.

பரிமாறும்போது வற்புறுத்தலாமா என்று பல இளம் பெண்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் வழக்கத்தில் முதல் "போதும்" மரியாதைக்குச் சொல்வது. அதனால் இன்னொரு தடவை கேட்பது முறை. இரண்டாவது "போதும்" நிஜம். இலைக்கு மேல் கையை விரித்து மறைத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு பருக்கைகூட வைக்கக் கூடாது. அன்பின் பேரில் இலையில் கொட்டிவிட்டு, அவர் மீதி வைக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவிப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அதற்குப் பதில், பாத்திரங்களை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, நீங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டுப் பெண் நின்றுகொண்டே இருந்தால் விருந்தாளியால் நிதானமாகச் சாப்பிட முடியாது. உங்கள் கணவரும் பரிமாறட்டும், இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் உபசாரம் மட்டும் ஒருத்தியின் வேலையாக இருப்பது நியாயமில்லை.

இரவு தங்குகிறவர்களுக்கு ஒரு மூடிய சொம்பில் தண்ணீர், ஒரு போர்வை அதிகமாக, ஃபேன் எந்த சுவிட்ச் என்ற விவரம், போன் சார்ஜர், வைஃபை கடவுச்சொல்லை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பெரியவர்கள் என்றால் கழிப்பறைக்குப் போகிற வழியில் சின்ன விளக்கு எரியட்டும், குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் காபி குடிப்பார்கள் என்று முதல் நாள் இரவே தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஏழு மணி வரை காபிக்காகக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார்கள் எத்தனையோ பேர்.

இனி நான் உண்மையாகவே சொல்ல வந்த இடம். வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறவர் மாதத்துக்கு இரண்டு பேர் இருக்கலாம். வேலையாக வருகிறவர் தினமும் வருகிறார்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா, குப்பை எடுக்கிறவர், கேஸ் சிலிண்டர் சுமந்து வருகிறவர், பார்சல் கொண்டு வருகிற பையன், வாட்ச்மேன். உங்கள் உபசாரத்தில் பெரும்பகுதி இவர்களுக்குத்தான் போக வேண்டும்.

என் அப்பாயியைப் பற்றி உயர்வாகச் சொன்னேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பொய்யாகிவிடும். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், கூரை எரவானத்தில் ஒரு அலுமினியத் தம்ளர் செருகியிருக்கும். வயலில் வேலை செய்ய வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர், அதில்தான் காபி. குடித்துவிட்டு அவர்களே கழுவி அங்கேயே செருகிவிட வேண்டும். அப்பாயி யாருக்கும் சோறு இல்லை என்று சொன்னதில்லை, ஆனால் அந்தத் தம்ளர் இருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பற்றி நாம் பேசுகிறோம், வீட்டுக்குள் இருந்ததைப் பற்றிப் பேசுவதில்லை. அதை எடுத்துப் போட்டது என் அம்மா. அப்பாயி இருக்கும்போதே, ஒரு அறுவடை நாளில், வீட்டுத் தம்ளர்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தார். வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பாயி அந்த அலுமினியத் தம்ளரைத் தானாகவே எடுத்துக் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்.

அந்தத் தம்ளர் நகரத்துக்கும் வந்துவிட்டது. வேலைக்கார அம்மாவுக்கு என்று ஒரு தனிக் கப், காது உடைந்தது, சிங்க்குக்குக் கீழே இருக்கும். உங்கள் வீட்டில் அது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுங்கள், நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கொடுங்கள். முதல் நாள் அவரே தயங்குவார், "பரவால்லம்மா, நின்னுக்கிட்டே குடிக்கிறேன்" என்பார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அவரும் உட்காருவார். நேற்றுச் செய்து மீந்ததைத்தான் கொடுப்பது என்று வைக்காதீர்கள். இன்றைக்குச் செய்ததில் முதலிலேயே ஒரு பங்கு எடுத்து வையுங்கள். உங்கள் கழிப்பறையை அவர் பயன்படுத்தலாம் என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். நான்கு வீட்டில் வேலை செய்கிற ஒரு பெண் காலையிலிருந்து மதியம் வரை எங்கே போவாள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பேரைக் கேட்டு, அந்தப் பேரில் அக்கா சேர்த்துக் கூப்பிடுங்கள். கீழே வேலை செய்கிற பீகார், ஒடிசா பையன்களையும் அப்படித்தான். "ஏய், இந்திக்காரா" என்று கூப்பிடாமல் பேரைக் கேளுங்கள். வீட்டை விட்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து நம் கட்டடத்துக்குச் செங்கல் தூக்குகிறவனுக்கு, அவன் பேரைச் சொல்லி யாராவது கூப்பிடுவது மாதத்தில் எத்தனை தடவை நடக்கும்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மண்பானையும் மூடியும் தம்ளரும் வையுங்கள், "தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். உள்ளே வந்து கேட்க வேண்டிய தேவை இராது. பார்சல் பையனுக்கு லொகேஷனைச் சரியாக அனுப்புவதும், எந்தப் பிளாக், எத்தனையாவது மாடி என்று ஒழுங்காக எழுதி வைப்பதும்கூடக் கருணைதான். வெயிலில் மூன்று கட்டடம் சுற்றுவது மிச்சம். உங்கள் அபார்ட்மெண்ட்டில் வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று போர்டு இருந்தால், அடுத்த கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லிப் பேசுங்கள். சத்தம் போட வேண்டாம், விடாமல் பேசினால் போதும். ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த பெண்களுக்காக, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, "நீங்க உக்காந்துக்கிட்டே காட்டுங்கம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண் முகத்தைப் பாருங்கள்.

துக்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போது நாம் எல்லோரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு, "எது வேணும்னாலும் சொல்லுங்க". நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் யோசித்து, தயங்கி, போன் போட்டுக் கேட்க வேண்டிய வேலையை, ஏற்கெனவே உடைந்துபோயிருக்கிறவர் மேலேயே வைத்துவிடுகிறோம். அதை மாற்றி, "நாளைக்குக் காலையில டிபன் நான் கொண்டுவரேன், இட்லியா இடியாப்பமா?" என்று கேளுங்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து காபியும் சாப்பாடும் போவது நம் ஊரின் நல்ல வழக்கங்களில் ஒன்று. அது பெரும்பாலும் காரியத்தோடு நின்றுவிடுகிறது. பந்தல் பிரித்து, உறவினர் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, மூன்றாவது வாரத்தில்தான் அந்த வீட்டில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து ஒரு பிடி சோறு வடிக்கத் தெம்பில்லாமல் இருப்பாள். அந்த வாரத்தில் போங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியை எல்லோரும் பார்ப்பார்கள், கூட இருக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. அவருக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு போர்வை. "ரெண்டு மணி நேரம் நான் இங்க இருக்கேன், நீங்க போய்க் குளிச்சிட்டு, கொஞ்சம் கண்ணசந்துட்டு வாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போவதைவிட இது உதவும்.

வழியனுப்புவதில் நம் மொழியே நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது. போகிறவர் "போறேன்" என்பதில்லை, "வரேன்" என்கிறார். இருக்கிறவர் "போயிட்டு வாங்க" என்கிறார். அந்த "வாங்க" உண்மையாக இருக்க வேண்டுமென்றால் லிஃப்ட் கதவு மூடும் வரை நில்லுங்கள். அவர் படியிறங்கும்போதே தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் வெளி விளக்கை அணைக்கிறதும் கேட்கக் கூடாது. தூரப் பயணம் என்றால் இட்லியில் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டிக் கொடுங்கள். இரவில் "சேர்ந்துட்டீங்களா?" என்று ஒரு போன்.

கடைசியாக, அந்த எதிர் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் மாடியில் தங்கவைத்துச் சோறு போட்டவர்கள் எத்தனையோ பேர். அதே சமயம், அடுத்த கதவுக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி தனியாக இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னவர்களும் உண்டு. பேராவது தெரிந்திருப்பது நல்லது.

எப்படித் தொடங்குவது? இதுவரை கேட்க வைக்காமல் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கே நீங்கள் போய்க் கேளுங்கள் என்று சொல்வேன். ஸ்வீட் பாக்ஸோடு போனால் வாங்கிக்கொண்டு, இதற்கு என்ன திருப்பிச் செய்வது என்று அவர்கள் யோசிப்பார்கள். ஒரு கிண்ணத்தோடு போய், "நாங்க எதிர் வீடு, என் பேர் இது. வீட்டுல உறைமோர் இல்ல, கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஒரு ஸ்பூன் தயிர். யாருக்கும் நஷ்டமில்லை, கொடுத்த அந்த அம்மாவுக்கு அன்று முழுவதும் நிறைவாக இருக்கும். கிண்ணம் கை மாறுகிற நேரத்தில் எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் கொடுத்த கிண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால் இரண்டு வாழைப்பழமோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ வைத்துக் கொடுங்கள். என் எதிர் வீட்டுக்கும் எனக்கும் இடையில் ஒரே எவர்சில்வர் கிண்ணம் பதினொரு வருடமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது. அது யாருடையது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். விளக்கு வைத்த பிறகு தயிரும் உப்பும் வெளியே கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிற வீடுகள் இன்னும் நிறைய உண்டு. இல்லை என்று சொல்லவும் முடியாமல், கொடுக்கவும் மனமில்லாமல் அந்த அம்மா தவிக்கக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு, நான்கரை மணிக்குப் போங்கள். அப்போது மதியத் தூக்கமும் கலைந்திருக்கும், அடுப்பில் காபியும் இருக்கும். "உள்ள வாங்களேன்" என்று அவர்கள் கூப்பிட்டால், மறுக்காமல் போய் உட்காருங்கள்.